மேரு ஓடையும் ஒரு வெறும் தண்ணீர் பாட்டிலும்

மலேசியா போய் வந்தவர்கள் குகைக் கோயிலைப் பற்றி எழுதுவார்கள், மலைமேல் இருக்கிற குளிரைப் பற்றி எழுதுவார்கள். நான் போய்ப் பார்த்தது சாக்கடை. இரண்டு வாரம் முழுக்கச் சாக்கடை. இதற்கு விமான டிக்கெட் கொடுத்து அனுப்பினார்கள் என்பதை ஈரோட்டில் என் மாமியார் கடைசிவரை நம்பவில்லை. "அத இங்கயே பாத்துருக்கலாமே கண்ணு" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

நான் அப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் வாத்தியார். எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஆற்றுத் தண்ணீரைச் சோதிப்பது எப்படி என்று கோலாலம்பூரில் இரண்டு வாரப் பயிற்சி. எங்கள் துறையில் பாஸ்போர்ட் வைத்திருந்தது நான் ஒருத்திதான். தகுதி என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

எங்கள் ஊரில் தண்ணீருக்கு வரும் கேடு கண்ணுக்குத் தெரியும். சாயப்பட்டறைத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கும். அந்த வாரம் எந்தக் கலர் சேலைக்குக் கிராக்கி என்று வாய்க்கால் கரையில் நின்றே சொல்லிவிடலாம். கோலாலம்பூர் வழியாக ஓடும் கிள்ளான் ஆற்றில் நாங்கள் தேடப் போனது வேறு சமாச்சாரம். சாணம், கக்கூஸ் தண்ணீர், சோப்புத்தூள், தோட்டத்து உரம் எல்லாம் ஓடை ஓடையாக வந்து ஆற்றில் சேர்கின்றன. அவற்றில் இருக்கிற பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் ஆற்றுக்கு உரம் வைத்தது போல் ஆகிவிடும். யாரும் விதைக்காமலே பாசி விளையும், ஆகாயத்தாமரை விளையும், மீன் மூச்சு முட்டிச் சாகும். பார்க்கிறவருக்கு என்னமோ பச்சைப்பசேல் என்று அழகாகத்தான் இருக்கும்.

தங்கியது பிரிக்பீல்ட்ஸில், என்னோடு வேலை பார்க்கும் டீச்சருக்குத் தூரத்துச் சொந்தமான ஸ்டெல்லா அக்கா வீட்டில். ரயில்வே குடும்பம். அப்பா ரயில்வே, மாமனார் ரயில்வே, கணவர் ரயில்வே. ரயில் சத்தம் கேட்காத வீட்டில் தூக்கமே வராது என்பார். சுவரில் மாதாவின் படம், அதற்குக் கீழே ரயில் டைம்டேபிள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விளக்கு.

முதல் நாள் காலை, பயிற்சி நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் டீ சொன்னேன். டம்ளரின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு டின் பாலை ஊற்றி, அதன் மேல் டீயை ஊற்றிக் கொடுத்தார்கள். கலக்கினால் பாயசம், கலக்காவிட்டால் கஷாயம். ரோட்டி சானாய் அமிர்தமாக இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர் புரோட்டா மாஸ்டர்கள் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அங்கே போய்க் கற்றுக்கொண்டு வரலாம். ஆனால் டீயை நான் மன்னிக்கவில்லை.

மாலை வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா அக்கா ஒரு காபி கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். ஈரோட்டில் பட்டிக்காரர் வீட்டுப் பாலில்கூட அந்த ருசி கிடையாது.

"அக்கா, இது டின் பால் இல்லியே?"

"டின் பால நான் வீட்டுக்குள்ளயே விடமாட்டேன்லா. என் தம்பி ராயப்பன் மாடு வச்சிருக்கான். தெனமும் பஸ் டிரைவர் கிட்ட குடுத்து விடுவான்."

அந்த நிமிஷமே நான் அந்த மாடுகளின் கட்சியில் சேர்ந்துவிட்டேன். பின்னால் வந்த வினையெல்லாம் அந்தக் காபியில் தொடங்கியதுதான்.

பயிற்சியை நடத்தியவர் சிவஞானம். யாழ்ப்பாணத் தமிழர், அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். சாக்கடை ஓரத்தில் நிற்கும்போதும் சட்டையின் மடிப்பு கலையாது. மூன்றாம் நாள் எங்களுக்கு ஆளுக்கு ஓர் ஓடை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார். எனக்கு விழுந்தது மேரு பக்கம், கிள்ளான் டவுனுக்கு வடக்கே, வரைபடத்தில் பெயர்கூட இல்லாத ஓர் ஓடை. அதன் கரையில் ஒரு மாட்டுக் கொட்டகை. கொட்டகைக்கு மேலே ஒரு பாட்டில் தண்ணீர், கீழே ஒரு பாட்டில் தண்ணீர். கீழே கெட்டுப்போயிருந்தால் கொட்டகையைக் காலி பண்ணச் சொல்ல நகராட்சி காத்திருக்கிறது. எங்கள் கணக்கை அவர்கள் கேட்டிருக்கிறார்கள் என்றார்.

அன்று சாப்பாட்டில் மீன் தலைக் கறி. நான் மேரு என்று சொன்னதும் ஸ்டெல்லா அக்காவின் கரண்டி நின்றது.

"மேருவா? அது நம்ம ராயப்பன் கொட்டகலா."

மறுநாள் காலை முதல் வேலையாக சிவஞானத்திடம் விஷயத்தைச் சொன்னேன். எனக்கு வேறு ஓடை கொடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இஞ்ச இருக்கிற தமிழாக்களில எல்லாருக்கும் ஆரோ ஒருத்தர் சொந்தம்தான். அப்பிடிப் பார்த்தால் ஒரு ஓடையையும் அளக்க ஏலாது. நீங்கள் தண்ணியைப் பாருங்கோ. மாட்டைப் பார்க்க வேண்டாம்."

அன்று மாலை பன்னிரண்டு கண்ணாடி பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கி வீட்டுக்கே எடுத்து வந்தேன். விடியற்காலை வேன் பிரிக்பீல்ட்ஸிலிருந்தே கிளம்புவதாக ஏற்பாடு. ஆய்வுக்கூடத்தில் அமிலம் ஊற்றிக் கழுவிச் சுத்தம் பண்ணிய பாட்டில்கள். ஆறில் "மேல்" என்றும், ஐந்தில் "கீழ்" என்றும், ஒன்றில் "வெறும்" என்றும் சீட்டுக் கட்டியிருந்தேன். கடைசி பாட்டில் எதற்கு என்றால், ஆற்றங்கரைக்குப் போய் அதில் ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடித்த வாலைத் தண்ணீரை ஊற்றி மூடித் திரும்பக் கொண்டுவந்து அதையும் சோதிக்க வேண்டும். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் தப்பு ஆற்றில் இல்லை, நம்மிடம்தான். சுத்தமான தண்ணீரை ஆற்றுக்குக் கூட்டிப்போய் ஊர் சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டுவருகிறவளைப் பார்த்து வேன் டிரைவர் மறுநாள் முழுக்க ஒரு மாதிரியாகவே பேசினார்.

ராயப்பனை அன்றுதான் பார்த்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். அதிகம் பேசாத மனிதர், பேசினாலும் மாட்டோடுதான். அதுவும் மலாயில்.

"தமிழ்ல சொன்னா கேக்காதா?" என்றேன்.

"மலாய்க்காரர் கிட்ட வாங்குனது டீச்சர். அதுக்கு அதான் புரியும்." பிறகு பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பதினாலு மாடு. இத எடுக்கச் சொன்னா நான் இந்த வயசுல எங்கயாவது லோரி ஓட்டத்தான் போகணும். எனக்குக் கண்ணும் சரியில்ல."

நான் ஓடைக்குள் இறங்கினேன். ஒவ்வொரு பாட்டிலையும் ஓடைத் தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடித்தேன். வாலைத் தண்ணீர் கொஞ்சமாக இருந்ததால் "வெறும்" பாட்டிலை அலசவில்லை.

சனிக்கிழமை அரை நாள் ஆய்வுக்கூடம். பாஸ்பேட் சோதனை பார்க்க அழகாக இருக்கும். மருந்தை ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் தண்ணீர் நீலமாகும். பாஸ்பேட் கூடக் கூட நீலமும் கூடும். மேல் பாட்டில்கள் ஆறும் நீல மையைக் கொட்டியது போல் ஆயின. கீழ் பாட்டில்கள் ஐந்தும் லேசாகத்தான் நீலமாயின. அதாவது, மாட்டுக் கொட்டகையைத் தாண்டி வந்த தண்ணீர் முன்னைவிடச் சுத்தமாகிவிட்டது. பதினான்கு மாடுகள் சேர்ந்து ஓடையைக் கழுவி அனுப்புகின்றன.

இதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "வெறும்" பாட்டில் இன்னும் பாக்கி இருந்தது. ஆனால் மணி ஒன்று. வீட்டில் கிள்ளானிலிருந்து வந்த நண்டு கொதித்துக்கொண்டிருந்தது, ஸ்டெல்லா அக்கா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே, "அக்கா, உங்க தம்பி மாட்டு மேல தப்பே இல்ல" என்றேன்.

ஸ்டெல்லா அக்கா கையைக் கழுவாமலே போனை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் மேருவுக்குப் போனோம். கொட்டகை வாசலில் பந்தல். கோழிக் குழம்பு, நெய்ச்சோறு, சேமியா பாயசம். பாயசத்துக்கு ஒரு குடம் பாலை அப்படியே ஊற்றியிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி எனக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டாள். ராயப்பன் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என் இலையில் மூன்றாவது முறை பாயசம் ஊற்றியபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நானும் பெரிய விஞ்ஞானி மாதிரி மாடுகளுக்கு நடுவே நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் முகத்தில் நானே ஒன்று வைக்கலாம் போல இருக்கும்.

திங்கட்கிழமை காலை "வெறும்" பாட்டிலில் மருந்தை ஊற்றினேன். ஒன்றும் ஆகாது என்று நினைத்து டிபன் பொட்டலத்தைப் பிரித்தேன். தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக். நெத்திலியைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தால் பாட்டில் நீலம். ஆறு மேல் பாட்டில்களையும்விட ஆழமான நீலம். ஆற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் படாத வாலைத் தண்ணீர்.

பொட்டலத்தை அப்படியே மடித்து வைத்தேன்.

மத்தியானமே வீட்டுக்கு ஓடினேன். ஸ்டெல்லா அக்கா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய சோப்புத்தூள் பெட்டி.

"அக்கா, வியாழக்கிழமை ராத்திரி என் போத்தல யாராவது தொட்டாங்களா?"

"தொட்டாங்களாவா? நான்தான் கழுவி வச்சேன். லேப்புல என்னென்ன ஊத்துனாங்களோ, லோங்காங் சாக்கடத் தண்ணி புடிச்சதோ என்னமோ. எங்க வீட்டுல தங்குறவங்க அழுக்குப் போத்தலத் தூக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? நல்லா பவுடர் போட்டுத்தான் கழுவினேன்."

"எல்லாத்தையும் நல்லா அலசுனீங்களா?"

"மொதல்ல ஏழு போத்தல் கழுவுறப்ப கொழாயில தண்ணி நின்னு போச்சி. நொரத் தண்ணியிலயே முக்கி எடுத்து வச்சேன். அப்புறம் தண்ணி வந்திச்சு. மிச்சத்த நல்லா அலசினேன்."

ஏழு. பெட்டியில் நான் முன்னால் அடுக்கியிருந்தது மேல் ஆறு, வெறும் ஒன்று. அந்தக் காலத்துச் சோப்புத்தூளில் பாதி பாஸ்பேட்தான். கண்ணாடியில் ஒட்டினால் ஓடைத் தண்ணீரில் மூன்று முறை அலசினாலும் முழுசாகப் போகாது. நான் படியில் உட்கார்ந்து அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார். முடிந்ததும் உள்ளே போனார். அன்று மாலை எனக்கு வந்தது டின் பால் டீ. அடியில் இரண்டு விரல்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பாட்டிலைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு முதல் கணக்கையே எழுதிக் கொடுத்திருந்தால் மாடும் இருக்கும், காபியும் இருக்கும். அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, ராத்திரி முழுக்க இருந்தது. ஆனால் நான் கொடுக்கிற அந்தக் காகிதத்தை நம்பித்தானே ஓடையை யார் கெடுக்கிறார்கள் என்று தேடப்போகிறார்கள். மாட்டை விட்டுவிட்டு மேலே இருக்கிற எவரையாவது பிடிப்பார்கள். அதுவும் நான் பாட்டில் பெட்டியை அக்கா கண்ணில் படாமல் வைக்காததால்.

செவ்வாய்க்கிழமை ராயப்பனிடம் நேரில் சொல்வதற்குத் தனியாகக் கிளம்பினேன். மினி பஸ்ஸில் நின்றபடியே கிள்ளான் வரை. அந்த பஸ் நிற்கவே நிற்காது, நாம்தான் அதிலிருந்து விழுந்து இறங்க வேண்டும். கிள்ளானில் எந்த பஸ் என்று கேட்டதற்கு ஒரு அங்கிள் அன்பாகக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். நானும் என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அரை மணி கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம்.

"அக்கா, மேரு இன்னும் எவ்ளோ தூரம்?" என்று பக்கத்து சீட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"மேரு அந்தப் பக்கம்லா. இது பந்திங் போற பஸ்லா."

பந்திங்கில் இறங்கி, ஒரு கோப்பி குடித்து, திரும்ப கிள்ளான் வந்து, மேரு போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ராயப்பன் பால் கறந்துகொண்டிருந்தார். மனப்பாடம் பண்ணியதெல்லாம் பஸ்ஸிலேயே போய்விட்டது. சோப்புத்தூள், நீலம், ஏழு பாட்டில் என்று முன்னுக்குப் பின்னாக உளறிக் கொட்டினேன்.

அவர் கறப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப சனிக்கெழம அக்கா கிட்ட சொன்னது?"

"தப்புங்க. நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

"நீங்க வாயத் தொறக்காம இருந்திருக்கலாம் டீச்சர்."

"இருந்திருக்கலாம்."

அவர் கறந்து முடித்துப் பாலை மூடி வைத்தார். கடைசி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். போகும்போது பால் தரவில்லை.

புதன்கிழமை புதுப் பாட்டில்கள். நான் அவற்றைக் கண்ணை விட்டு அகலவிடவில்லை. மேல் தண்ணீரிலும் நீலம் இருந்தது. மேலே இருக்கிற புது வீடுகளின் லோங்காங் அங்கேதான் விழுகிறது. கீழே அதைவிட அதிக நீலம். "வெறும்" பாட்டில் பளிங்கு மாதிரி நின்றது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை ராயப்பனைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரையில் பத்துப் பத்து அடியாக நடந்து பார்த்தேன். அழுக்கு கொட்டகை நெடுக இறங்கவில்லை. ஒரே ஓர் இடத்தில்தான் இறங்கியது. காலை ஐந்து மணிக்கு ஹோஸ் பிடித்துக் கொட்டகையைக் கழுவுகிற தண்ணீர், சாணமும் மூத்திரமுமாக, ஒரு சிமெண்டுக் கால்வாய் வழியாக நேராக ஓடையில் விழுந்தது. ராயப்பன் அந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"இத ஆத்துல விடாம அந்தப் பக்கம் மாட்டுப் புல்லுக்கு விட்டா?" என்றார்.

"அது புல்லுக்கு உரம்" என்றேன்.

"அப்ப இவ்ளோ நாளா ஆத்துக்கு உரம் போட்டுட்டு இருந்திருக்கேன்." எழுந்து போய் மண்வெட்டி எடுத்து வந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். என் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈரோட்டில் ஒரு நாளும் செய்யாத வேலையைச் செய்தேன். நான் வெட்டிய பகுதியை அவர் பிறகு திரும்ப வெட்டினார்.

வெள்ளிக்கிழமை எடுத்த தண்ணீரில் கீழ் பாட்டிலின் நீலம் இறங்கியிருந்தது. மேல் அளவுக்கு வரவில்லை. ஆனால் இறங்கியிருந்தது. என் அறிக்கையில் மூன்று கணக்கையும் எழுதினேன். முதல் கணக்கு ஏன் தப்பு என்பதையும், சோப்புத்தூளையும், நண்டுக் கறியையும் விடாமல் எழுதினேன். நண்டை மட்டும் சிவஞானம் அடித்தார்.

"அந்த அம்மா என்ன பவுடர் பாவிக்கிறவ?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். பேனா மூடியைக் கழற்றினார். "என்ர மனிசியும் அதுதான். ஆய்வுகூடச் சாமான் ஒண்டையும் நான் வீட்ட கொண்டு போறேல்லை. இருவது வருஷமா." அதற்குப் பிறகு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். நகராட்சி என்ன முடிவு பண்ணும் என்று அவருக்கும் தெரியவில்லை.

ஞாயிறு காலை விமானத்துக்குக் கிளம்பும் முன் மேசையில் ஒரு டம்ளர் இருந்தது. டீ என்று நினைத்தேன். காபி. அதில் டின் பால் இல்லை.

"பஸ்ஸு டிரைவர் கிட்ட குடுத்து விட்டான்" என்றார் ஸ்டெல்லா அக்கா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "ஆறிரும், குடிங்க."

ஏழெட்டு மாதம் கழித்து ஈரோட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. ஸ்டெல்லா அக்காவின் கையெழுத்து. தம்பி சொல்லச் சொல்ல எழுதுகிறேன் என்று தொடங்கியது. எங்கள் வாய்க்கால் அன்று மயில் பச்சையில் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நின்றே படித்தேன்.

"டீச்சர், நகராட்சி ஆபீசர் வந்தாரு. மேல ஒரு போத்தல், கீழ ஒரு போத்தல் புடிச்சாரு. வெறும் தண்ணி போத்தல் எங்கன்னு கேட்டேன். அப்படி ஒன்னு இல்லன்னாரு. அது இல்லாம என் மாட்டப் பத்தி ஒரு வரி எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டேன். திரும்பிப் போயி மறுநாள் கொண்டு வந்தாரு. மேலயும் கீழயும் இப்ப பெரிய வித்தியாசம் இல்லையாம். மேல இருக்குற வீட்டுக்காரங்களுக்கும் கடுதாசி போயிருக்கு. மாடு பதினாலும் இங்கதான் இருக்கு. ஒன்னு கன்னு போட்டிருக்கு."

அதற்குக் கீழே, இடம் போதாமல் ஓரத்தில் சரித்து, அக்கா சொந்தமாக ஒரு வரி எழுதியிருந்தார்.

"போத்தல யாரு கழுவுனாங்கன்னு நானும் அந்த ஆபீசர் கிட்ட கேட்டேன்."